அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

மே 4, ஞாயிறு

காலையில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். மல்லிகையில் மறுபடியும் பூச்சி. வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும்.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கணினியைத் திறந்து மரண அறிவித்தல் தளத்தைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் உலகமெல்லாம் சிதறிப் போனபின் யார் எங்கே கண்மூடினாலும் செய்தி அங்கேதான் வருகிறது. உரும்பிராயில் பக்கத்து ஒழுங்கையில் நடந்த சாவு எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியைக்குச் செத்தவீடு தவறக்கூடாது. படிப்பித்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் போய்க்கொண்டிருக்கும் காலம் இது.

அந்தப் பக்கத்தை வாசிப்பது எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். வகுப்பில் கரும்பலகை இருக்கிறது. அதில் இறந்தவரின் பெயர் எழுதியிருக்கிறது. நாம் வாசிக்கத் தொடங்கும்போது ஒரு பிள்ளை ஓடிவந்து நகைக்கடைப் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறது. விலக்கினால் இன்னொரு பிள்ளை ராசிபலன் கூவுகிறது. சன்னலுக்கு வெளியே ஒருவன் காணி விற்கிறான். எல்லாரையும் இருத்திவிட்டுத் திரும்பினால் யாரோ கரும்பலகையையே ஒரு முழம் கீழே இறக்கியிருப்பார்கள். மூடுவதற்கென்று பெருக்கல் குறி மாதிரி ஒரு சிறு புள்ளடி தருகிறார்கள். அதில் விரல் வைக்கப் போகும்போது அதுவும் நகர்ந்துவிடும்.

நான் கோபப்படுவதில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளோடு இருந்து பழகியவள்.

இன்று தெரிந்தவர் யாருமில்லை. கடைசியில் தேடும் பெட்டியில் ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தேன். இல்லை. மூடிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

பக்கத்து வீட்டுக் கௌரி வந்தாள். மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. வாசலில் நின்றபடியே தொடங்கினாள்.

"ரீச்சர், பொன்னுருக்கலுக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிக்கோணும். தட்டம் தூக்கிறது நீங்கள், நிறைகுடம் வைக்கிறது நீங்கள். சொல்லிப்போட்டன்."

"உன்ர மாமியார் என்ன சொல்லுறா?"

"அவ என்ன சொல்லுறது? ரீச்சரின்ர கைராசி எனக்குத் தெரியாதே? என்ர பிள்ளைக்கு ஏடு தொடக்கினது ஆர்?"

தாலிக்குப் பொன் உருக்குகிற அன்று மங்கலத் தட்டம் தூக்குகிறவள் கணவனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். கௌரி அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணவர் சாவகச்சேரிக்குச் சைக்கிளில் போனது சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து திரும்பிய அடுத்த வருஷம். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். இன்றுவரை வைக்கிறேன். ஊர் தொடக்கத்தில் என்னவோ பேசியது, பிறகு பழகிவிட்டது.

"என்ன நிறச் சீலை உடுத்தோணும்?" என்று கேட்டேன். கௌரி சிரித்துவிட்டாள்.

மே 8, வியாழன்

தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை. தளத்தில் தேடிய பெயரும் இல்லை.

மே 10, சனி

பூமணி மச்சாள் மோசம்போய்விட்டார். என் கணவரின் ஒரேயொரு அக்கா. ரொறன்ரோவில், ஆஸ்பத்திரியில். மகள் வாசுகி போன் எடுத்து அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு, மரண நோட்டீசுக்குப் பெயர்கள் வேண்டும் மாமி என்றாள். அங்கே பிறந்தவளுக்கு இந்த உறவுமுறை வரிசை பிடிபடாது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினாள். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும், பிறகு சகோதரங்கள், மருமக்கள், மைத்துனர்கள். எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன். எதையும் விடவில்லை.

மச்சாள் எனக்குக் கலியாணத்தில் கூறைச்சீலை உடுத்திவிட்டவர். சீலை மடிப்பைக் கொய்யகமாகப் பிடிக்கும்போது, "மூச்சை விடும், இல்லாட்டில் பிறகு சாப்பிடேலாது" என்றார்.

குளித்துவிட்டு இருந்தேன். சமைக்கவில்லை.

மே 11, ஞாயிறு

அறிவித்தல் வந்திருக்கிறது. மச்சாளின் படம் நல்ல படம், சிரித்த முகம். படத்துக்கு மேலே தலைமுடி கொட்டாமல் இருக்க ஓர் எண்ணெய்.

வாசிப்பதற்குள் பெரும்பாடு. "அன்னார், காலஞ்சென்ற" என்று வரும்போது அடியிலிருந்து ஒரு நகைக்கடை எழும்பி வந்தது. புள்ளடியைத் தேடித் தொட்டேன், அது புள்ளடி இல்லை, படம். கடைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து. மறுபடி இறங்கினேன். ஒரு காணொளி தானாகவே பேசத் தொடங்கி, நான் இறங்க இறங்க மூலையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. "காலஞ்சென்றவர்களான கந்தையா," என்று ஒரு வரி. அது என் கணவரின் மூத்தண்ணை, அவர் இறந்தது எனக்குத் தெரியும். அடுத்த சொல்லுக்கு மேல் விமானச் சீட்டு விளம்பரம். அது விலகும்போது என் கணவரின் பெயர், "சிவகடாட்சம் ஆகியோரின் அன்புச் சகோதரியும்" என்பது மட்டும் தெரிந்தது. உடனே மறுபடியும் நகை.

சரியாக வாசித்தேனா தெரியவில்லை. இந்த நெரிசலுக்குள் ஒரு வரி இன்னொரு வரியோடு ஒட்டித் தெரிந்திருக்கலாம். கண்ணாடி மாற்ற வேண்டும்.

மே 12, திங்கள்

கண் வைத்தியரிடம் போனேன். பார்வையில் ஒரு குறையும் இல்லையாம். இருபது நிமிஷத்தில் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

மே 13, செவ்வாய்

அருளானந்தம் மாஸ்ரர் முருங்கைக்காய் கொண்டு வந்தார். என்னோடு விஞ்ஞானம் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஊரில் உள்ள பழுதான பெட்டிகளையெல்லாம் கழற்றிப் பார்ப்பதே வேலை. பாதி திரும்பப் பூட்டப்படுவதில்லை என்பது வேறு கதை.

நான் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போராடுவதைப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், கோயில் திருவிழாவுக்குள்ள பிள்ளையைத் துலைச்ச ஆள் மாதிரி இருக்கிறியள்?"

"வாசிக்க விடுறாங்கள் இல்லை மாஸ்ரர்."

"விடமாட்டாங்கள். நீங்கள் வாசிக்கிறதுக்கெண்டு அவன் உந்தப் பக்கத்தை வைச்சிருக்கேல்லை. தள்ளுங்கோ."

இணையத்திலிருந்து ஏதோ ஒன்றை இறக்கினார். கணினியின் மேல் மூலையில் சின்னதாக ஓர் அழிறப்பர் படம் வந்தது. அதை அழுத்திவிட்டு, பக்கத்தில் எந்தப் பெட்டியைத் தொடுகிறோமோ அது போய்விடும். நகைக்கடையைத் தொட்டார், போனது. காணொளி போனது. ராசிபலன் போனது. அவை இருந்த இடம் வெறும் வெள்ளையாக நின்றது. நான் சின்னப்பிள்ளை மாதிரி, "தாருங்கோ, தாருங்கோ" என்று வாங்கி எண்ணெய்ப் போத்தலை அழித்தேன். என்ன ஒரு சந்தோஷம்! இத்தனை நாளும் இது என் கையில் இருந்திருக்கிறது, தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"திரும்ப வராதோ?"

"உங்கட கொம்பியூட்டரில வராது. மற்ற ஆக்களின்ரயில எல்லாம் அப்பிடியே கிடக்கும். இது உங்களுக்கு மட்டும்தான், ரீச்சர்."

அப்போது பக்கம் வெறிச்சென்று ஆகிவிட்டது. அறிவித்தல் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. மாஸ்ரர் வாசித்தார். வாயசைவு நடுவில் நின்றது. பிறகு எழும்பி, "முருங்கைக்காய் முத்தல் இல்லை, இண்டைக்கே வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

கண்ணில் குறையில்லைதான்.

மே 14, புதன்

ரொறன்ரோவில் தகனம் முடிந்துவிட்டதாம்.

நான் அந்தப் பக்கத்தை நன்றாகத் துப்புரவாக்கினேன். ஓடும் செய்திப் பட்டை, "இவர்களையும் நீங்கள் அறிந்திருக்கலாம்" என்று வரும் முகங்கள், மெழுகுதிரி ஏற்றச் சொல்லும் பொத்தான் எல்லாம் போயின. பிறகு அழிறப்பரை அந்த ஒரு சொல்லின் மேல் வைத்தேன். "காலஞ்சென்றவர்களான." அதில் கந்தையா அண்ணைக்கு உரிய பங்கை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம் என்று நினைத்தேன்.

அது தனிச்சொல்லை எடுக்காது, பெட்டியோடுதான் எடுக்கும். தொட்டதும் சகோதரங்களும் மைத்துனர்களும் மருமக்களும் எல்லாரும் போய்விட்டார்கள். "யோகாம்பிகை (இலங்கை)" என்று இருந்த நானும் போய்விட்டேன். மச்சாள் யாருமில்லாமல் தனியே சிரித்துக்கொண்டிருந்தார்.

திருப்பிக் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அழித்துவிட்டேன்.

ஒருமுறை எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை வரைபடம் கீறும்போது நெடுந்தீவு தாளுக்குள் அடங்கவில்லை என்று அழித்துவிட்டாள். "அங்க ஆக்கள் இருக்கினமெல்லே பிள்ளை, அவை இப்ப எங்க நிப்பினம்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஏன் இது நினைவு வந்ததோ தெரியவில்லை. மல்லிகைக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன்.

மே 16, வெள்ளி

கௌரி வந்தாள். கையில் போன். உள்ளே வரவில்லை, படியில் நின்றாள்.

"ரீச்சர், பொன்னுருக்கல் அண்டு உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்? முழங்காலும் ஏலாது. நீங்கள் கதிரையில இருந்து ஆசீர்வதிச்சால் காணும்."

"முழங்காலுக்கு என்ன? நேற்று மருதனார்மடச் சந்தைக்கு நடந்து போனனான்."

"இல்லை... மாமி சொன்னவ..."

"உன்ர போனைத் தா, பாப்பம்."

தந்தாள். அவளுடைய போனில் எல்லாம் இருந்தன. நகைக்கடை, எண்ணெய், ராசிபலன். அதற்கிடையில் அந்தச் சொல்லும், அதற்குப் பின்னால் அவர் பெயரும். பக்கத்தில் கலியாணச் சீலை ஒன்று சுழன்று சுழன்று வந்தது.

"ஆரோ தெரியாமல் போட்டிட்டினம், கௌரி."

"ஓம் ரீச்சர், தெரியாமல்தான் இருக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தாள்.

மே 17, சனி

வாசுகிக்குப் போன் எடுத்தேன். துக்க வீட்டுக்காரியோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று முதலே நினைத்துக்கொண்டேன்.

"பிள்ளை, மாமாவின்ர பேருக்கு முன்னால ஒரு சொல்லுப் போட்டிருக்கு."

"மாமி... நான் போடேல்லை. தளத்துக்காரர்தான் போட்டவை. உயிரோட இருக்கிற ஆக்கள் எல்லாருக்கும் அடைப்புக்குறிக்குள்ள நாடு போடோணும். கனடா, லண்டன், இலங்கை எண்டு. நாடு குடுக்காத ஆக்களை அவை மற்றப் பக்கம் சேர்த்துப்போடுவினமாம்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான் மாமி! 'மாமாவுக்கு எந்த நாடு போடுறது' எண்டு கேட்டனான். நீங்கள் உடன, கந்தையா மாமாவின்ர பேரில 'ன்' வராது எண்டு கதையை மாத்திப்போட்டியள். நான் திரும்பக் கேக்கப் பயந்திட்டன்."

எனக்கு அப்படி ஞாபகமில்லை.

"இப்ப மாத்தலாம் மாமி. சொல்லுங்கோ, எந்த நாடு?"

முப்பது வருஷத்துக்கு மேலாகப் புவியியல் படிப்பித்தேன். கண்களைக் கட்டிக்கொண்டு கண்டங்களைக் கீறுவேன். போனைப் பிடித்துக்கொண்டு குசினிச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பக்கம் வாசுகி காத்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதன் உயிரோடு இருந்தால் எங்கேயாவது இருக்க வேண்டும். நியாயமான கேள்விதான்.

"இலங்கை எண்டு போடு" என்றேன்.

மே 19, திங்கள்

மாற்றிவிட்டார்கள். நான் அழித்து வைத்திருந்ததால் என் திரையில் தெரியவில்லை. மாஸ்ரர் காட்டியபடி எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தேன். எல்லாம் இரைந்துகொண்டு உள்ளே வந்தன. நடுவில் "சிவகடாட்சம் (இலங்கை) ஆகியோரின் அன்புச் சகோதரியும்." கந்தையா அண்ணை தனியாகக் காலஞ்சென்றிருந்தார்.

நாலைந்து முறை வாசித்தேன். பிறகு ஓரத்தில் ஒரு காப்புறுதி விளம்பரம் வந்தது. வயல் ஒழுங்கை, ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார். வெள்ளைச் சேட். இடது தோள் கொஞ்சம் சரிவு. அவருக்கும் இடது தோள் அப்படித்தான் இருக்கும், சாக்குச் சுமந்த பழக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அந்த இடத்தில் பற்பசை வந்துவிட்டது.

பக்கத்தைப் புதுப்பித்தேன். பற்பசை. மறுபடி. காணி. மறுபடி. மச்சாளின் முகம் வந்து வந்து போனது. அழிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழிக்கலாம். வரச்சொல்லிக் கேட்க ஒன்றுமில்லை, அதற்குப் பொத்தான் கிடையாது.

விளம்பரங்களை மறுபடி அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், ஏதாவது உபயோகமானதும் வரலாம்.

மே 21, புதன்

காலையில் நோர்வேயிலிருந்து போன். என்னிடம் படித்த பிள்ளை, சசிரேகா. "ரீச்சர், ஐயா வந்திட்டாராமே! ஏன் ரீச்சர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள் நாடு போட்டால் அந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் அறிவித்தலை அப்படித்தான் வாசிப்பார்கள், யார் எந்த நாட்டில் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எனக்கு அது தெரியாததல்ல.

அவளிடம் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

பின்னேரம் லண்டனிலிருந்து இரத்தினசபாபதி அண்ணை. என் கணவரோடு ஒன்றாகக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தவர்.

"தங்கச்சி, நான் ஒண்டும் கேக்கமாட்டன். எங்க இருந்தவன், என்ன நடந்தது ஒண்டும் கேக்கமாட்டன். போனை அவனிட்டக் குடும். ஒரு சொல்லு. 'டேய்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"வெளியில போயிட்டார் அண்ணை" என்றேன்.

"எங்க?"

"உதில, சந்திக்கு. வந்திடுவார்."

"வந்த உடன எடுக்கச் சொல்லும்."

"ஓம் அண்ணை, சொல்லுறன்."

போனை வைத்தபின் வீடு ஒரு விதமாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழும்பிப் போன கதிரை போல.

மே 22, வியாழன்

அலுமாரியிலிருந்த அவருடைய சேட் ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதற்காக.

கௌரி வேலிக்கு மேலால் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் ஒரு தட்டில் பயற்றம் பணியாரத்தோடு வந்து நின்றாள், கண் கலங்கி.

"உண்மையே ரீச்சர்?"

நான் தட்டை வாங்கினேன்.

"ஆளுக்குச் சனத்தைக் காண விருப்பமில்லைப் போல, என்ன? ஓம், எத்தினை வருஷம்... நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். தட்டம் நீங்கள்தான் ரீச்சர் தூக்கிறது. மாமியும் சொல்லிப்போட்டா."

பணியாரம் நன்றாக இருந்தது.

மே 25, ஞாயிறு

மச்சாளின் அறிவித்தலுக்குக் கீழே அஞ்சலி எழுதும் இடத்தில் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். மச்சாளைப் பற்றி இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் அவரைப் பற்றி. "காணாமற்போன சிவகடாட்சம் அண்ணை கிடைத்தது பெருமகிழ்ச்சி." "உரும்பிராய் யோகாம்பிகை ரீச்சரின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு." இரண்டுக்கும் நடுவில் கொழுப்புக் குறைக்கும் மாத்திரை.

மே 28, புதன்

ஓடும் செய்திப் பட்டையில் சிவப்பு எழுத்தில்: "யாழில் பெரும் பரபரப்பு! காணாமற்போனவர் வீடு திரும்பினார்! மனைவி செய்த காரியம் என்ன தெரியுமா?"

தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அஞ்சலிகளைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். படம் யாரோ ஒருவருடையது, முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். அந்த மங்கல் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். அவராகவும் இருக்கலாம் போல் இருந்தது. அப்படி மங்கலாக்கினால் எவரும் எவராகவும் இருக்கலாம்.

அழிறப்பரை எடுத்து அழித்தேன். பின்னேரம் வேறு பெட்டியில் வேறு தலைப்பில் வந்தது. அதையும் அழித்தேன். தளத்துக்காரருக்கு எழுதினேன், செய்தி பிழை, எடுத்துவிடுங்கள் என்று. "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் அறிவித்தல்களைப் பெற அனுமதி தருவீர்களா?" என்று பதில் வந்தது.

மே 30, வெள்ளி

இரத்தினசபாபதி அண்ணை மூன்று தரம் எடுத்தார். நான் போனைத் தூக்கவில்லை. ஆவணியில் ஊருக்கு வருகிறாராம், சீட்டு எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

கொடியில் சேட் இன்னும் கிடக்கிறது. எடுக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வாசல் கேற்றடியில் ஒரு பெண் நின்றார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம், பார்வைக்கு மூத்தவர். தோளில் ஒரு துணிப்பை. முழங்காவிலிலிருந்து விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். சந்தியில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். பெயர் வள்ளிநாயகி.

"ரீச்சர் அம்மா, கோவிக்கக்கூடாது. ஐயாவை ஒருக்காக் காணோணும். கனநேரம் எடுக்கமாட்டன்."

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். பொலித்தீன் சுற்றியிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், பெரிதாக்கியது. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை, சேட் பொத்தானை மேல்வரை பூட்டியிருந்தான்.

"மகள் போனில காட்டினவள், காணாமல் போன ஆள் ஒருத்தர் திரும்பி வந்திருக்கிறார் எண்டு. ஐயா இருந்த இடத்தில என்ர பிள்ளையைக் கண்டவரோ எண்டு கேக்கத்தான். பேர் கௌதமன். கையில வெட்டுக் காயம் ஒண்டு இருக்கு, இதில. இருட்டுக்குள்ள எண்டாலும் குரலைக் கேட்டிருப்பார். அவன் நல்லாப் பாடுவான் அம்மா."

"அவர் வெளியில போயிட்டார்" என்றேன். வாயில் அது தானாக வந்தது. பத்து நாளாகச் சொல்லிப் பழகியிருந்தது.

"பரவாயில்லை அம்மா. வரட்டும். நான் இருக்கிறன்."

விறாந்தையில் கதிரை போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை, வாசல்படியோடு நிலத்தில் இருந்தார். ஒழுங்கை தெரியும் இடம். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் இருந்தார். படத்தை மடியில் வைத்திருந்தார், எதிரே வருகிறவருக்குத் தெரியும்படி.

நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். வெளியே வந்து பார்த்தேன். கறிக்கு வெட்டினேன். வந்து பார்த்தேன். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து சேலையைச் சரிசெய்தார். சைக்கிள் தாண்டிப் போனது. அவர் மெல்ல முதுகைச் சாய்த்தார்.

அந்த நிமிர்வையும் அந்தச் சாய்வையும் நான் வெளியிலிருந்து பார்த்தது இதுதான் முதல் தரம்.

அவரிடம், இன்று வரமாட்டார், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லலாம். நாளைக்கு வருவார். இரண்டு பஸ் ஏறி. அடுத்த நாளும் வருவார். அவர் வராமல் இருக்கவே மாட்டார், எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். முழங்கால் வலித்தது.

"வள்ளிநாயகி, அவர் வரமாட்டார்."

"ஏனம்மா, தூரவே போனவர்?"

"அந்தச் செய்தி பிழை. அவர் திரும்பி வரேல்லை. நான்தான் நாட்டின்ர பேரைப் போடச் சொன்னனான். ஆக்கள் வந்திட்டாரெண்டு நினைச்சிட்டினம். நானும் இல்லையெண்டு சொல்லேல்லை."

அவர் கொடியைப் பார்த்தார். சேட் காற்றில் கொஞ்சம் ஆடியது.

"அது நான் துவைச்சது" என்றேன்.

"அப்ப ஐயா?"

"ஐயா இல்லை, அம்மா."

இதுவரை இந்த வாயால் சொல்லாத சொற்கள். சொன்னபின் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு காகம் கத்தியது. குசினியில் சோறு கொதித்து மூடியைத் தட்டியது.

"எப்ப மோசம்போனவர்?" என்று கேட்டார். செத்தவீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி. மெல்லக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே திகதியைத்தான் சொல்ல முடியும்.

"இண்டைக்கு."

வேறு யாராவது என்றால் என்னை விசரி என்று நினைத்திருப்பார்கள். வள்ளிநாயகி தலையை ஆட்டினார். படத்தைப் பொலித்தீனில் சுற்றிப் பையில் வைத்தார். எழும்பி என் கையைப் பிடித்து எழுப்பினார். குசினிக்குள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"வாருங்கோ, குளிக்கோணும்" என்றார்.

கிணற்றடியில் வாளியால் அள்ளி அள்ளி அவர்தான் தலையில் ஊற்றினார். முதல் வாளிக்கே சத்தம் போட்டு அழத் தொடங்கிவிட்டேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கௌரி வந்து நின்றது தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். மத்தியானம் அவளே சோறும் பருப்பும் ரசமும் கொண்டுவந்தாள், பொரியல் இல்லாமல், செத்தவீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி. தட்டத்தை வேறு ஆரிட்டயும் குடு பிள்ளை என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

சாப்பிட்டபின் லண்டனுக்குப் போன் எடுத்தேன். அண்ணை, உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன் என்றேன். அவர், "நான் ஆவணியில வாறன் தங்கச்சி, எப்பிடியும் வாறன்" என்றார்.

பிறகு வாசுகி. மச்சாளின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி வரப்போகிறது, அதற்கும் பெயர்கள் கொடுக்க வேண்டும். வரிசையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். சகோதரங்களிடம் வந்ததும் நிறுத்தினேன்.

"காலஞ்சென்றவர்களான கந்தையா, சிவகடாட்சம். இப்பிடி எழுது."

"மாமி..."

"எழுது பிள்ளை. 'ளா' கவனம்."

அவள் எழுதும் சத்தம் கேட்டது.

வள்ளிநாயகி எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாலு மணி பஸ்ஸுக்குச் சந்திவரை கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வருவது தெரிந்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகம் இறுகியிருந்தது.

"அம்மா, நீங்கள் உங்கட ஐயாவுக்குச் சொன்னது சரி. ஆனா என்ர பிள்ளை இருக்கிறான்."

"ஓம்" என்றேன்.

"அவன் வருவான்."

"ஓம் வள்ளிநாயகி. வருவான்."

பஸ்ஸில் ஏறி சன்னல் பக்கத்தில் இருந்தார். அது வளைவில் திரும்பும்வரை ஒவ்வொரு முகமாக வீதியைப் பார்த்துக்கொண்டே போனார்.